வட சென்னையில் போலீஸ் சீர்திருத்தம் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வட சென்னையில் ரவுடிகளை ஒழித்தால் போதாதா, சீர்திருத்தம், கொள்கை என்றெல்லாம் எதற்குப் பேச வேண்டும், அப்படியே பேசினாலும் அந்தக் கொள்கைகள் என்னவாக இருக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பதினெட்டு வருடமாக ஜார்ஜ் டவுனிலும் எழும்பூரிலும் கிரிமினல் வழக்குகள் நடத்துகிறேன், தண்டையார்பேட்டையில் வளர்ந்தவன். அதனால் தெரிந்ததை நேராகவே சொல்கிறேன். வியாசர்பாடியிலோ புளியந்தோப்பிலோ கொருக்குப்பேட்டையிலோ இருக்கும் இருபது வயதுப் பையன் தன் சைக்கிள் தொலைந்துபோனால் பயப்படாமல் ஸ்டேஷனுக்குப் போய் புகார் கொடுக்க முடிய வேண்டும். இதுதான் முதல் கொள்கை. மீதி எல்லாக் கொள்கைகளும் இதற்கு உதவுகிறதா இல்லையா என்றுதான் நான் பார்ப்பேன்.

ஏன் இவ்வளவு சின்ன விஷயத்தில் பிடிக்கிறேன் என்றால், நான் கண்ணால் பார்த்த ஒன்று. நம் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் வேறு வேலையாக உட்கார்ந்திருந்தேன், எந்த ஸ்டேஷன் என்று வேண்டாம். மீன் விற்கும் ஒரு அம்மா வந்தார், கூடவே மகன். விடியற்காலை ஏலத்துக்குக் காசிமேடு போகும் வழியில் பைக்கில் வந்த இரண்டு பேர் அவருடைய போனைப் பறித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். கையில் காலி அன்னக்கூடை, அப்படியே வந்துவிட்டார். ஏட்டையா பேப்பரை எடுத்து எழுத ஆரம்பித்தார், முகவரி கேட்டார், வியாசர்பாடி என்றதும் பேனா நின்றது. மகனைப் பார்த்து, “உம்மேல கேஸ் எதுனா கீதா?” என்றார். “இல்ல சார்.” “இப்படித் திரும்பு.” தன் போனை எடுத்து, முகத்தை வைத்துப் பழைய குற்றவாளியா என்று தேடும் அந்த ஆப்பில் பையனை ஒரு படம் எடுத்தார். அந்த அம்மா சத்தம் போடவில்லை, மெதுவாகத்தான் கேட்டார்: “ஐயா, போனப் பறிகொடுத்தது நானு. எம்புள்ளைய ஏன் போட்டோ புடிக்கிறீங்க?”

அந்த ஏட்டையா கெட்டவர் இல்லை. முந்தின இரவு டியூட்டி முடிந்து வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தார், அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் இந்த முகவரி என்றால் முதலில் சந்தேகப்படு என்று அவர் கை பழகிப்போயிருக்கிறது. எஸ்.ஐ. வந்ததும் நான் பேசிய பிறகு சி.எஸ்.ஆர்., அதாவது புகார் வாங்கியதற்கான ரசீது, போட்டுக் கொடுத்தார்கள். வக்கீல் ஒருவர் தற்செயலாக அங்கே இருந்ததால் நடந்தது அது. எத்தனை பேருக்கு அந்த அதிர்ஷ்டம் இருக்கும்?

அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1829இல் லண்டனில் ராபர்ட் பீல் போலீஸ் படையைத் தொடங்கினார். அவர் பெயரில் வழங்கும் ஒன்பது கொள்கைகளில் இரண்டு இன்றைக்கும் பேசப்படுகின்றன: மக்கள்தான் போலீஸ், போலீஸ்தான் மக்கள் என்பது ஒன்று. குற்றம் இல்லாமல் இருப்பதுதான் போலீஸ் திறமைக்குச் சான்று, போலீஸ் கண்ணுக்குத் தெரியும்படி நடவடிக்கை எடுப்பது சான்று ஆகாது என்பது இன்னொன்று. அதே வெள்ளைக்காரர்கள் இங்கே கொடுத்தது வேறு. 1857 கிளர்ச்சிக்குப் பிறகு வந்த 1861 போலீஸ் சட்டம், அயர்லாந்தில் ஜனங்களை அடக்கி வைத்திருந்த படையின் சாயலில் எழுதப்பட்டது. சென்னைக்கென்று 1888இல் ஒரு நகரப் போலீஸ் சட்டம் போட்டார்கள், அது இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆர்ப்பாட்டம் நடத்த அனுமதி கேட்டால் 41ஆம் பிரிவு என்று சொல்லி மறுக்கிறார்களே, அது அந்தச் சட்டத்தில் இருப்பதுதான். ஆளப்படுகிறவர்களைக் கண்காணிக்கத்தான் அந்த ஏற்பாடு, அவர்களிடம் புகார் வாங்க அல்ல.

சரி, நடைமுறைக்கு வருவோம். எல்லாம் எழுத்தில் வர வேண்டும் என்பதை இரண்டாவது கொள்கையாக வைப்பேன். வட சென்னையில் ஒரு ஸ்டேஷனில் நடக்கும் அநியாயத்தில் பெரும்பாதி, எழுதாமல் விட்ட இடத்தில்தான் நடக்கிறது. புகாருக்கு ரசீது இல்லை. “விசாரணைக்கு வாப்பா, பத்து நிமிஷம்” என்று அழைத்துப் போனதற்கு எந்தப் பதிவும் இல்லை. கணவன் அடித்ததைச் சொல்ல வந்த பெண்ணிடம் “சமாதானமாகப் போகிறேன்” என்று எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பியிருப்பார்கள், அந்தத் தாள் மட்டும் பத்திரமாக இருக்கும். கடன் தகராறு, வாடகைத் தகராறு எல்லாம் ஸ்டேஷன் வாசலிலேயே கட்டப் பஞ்சாயத்தாக முடிந்திருக்கும்.

இதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம். வாரன்ட் இல்லாமல் கைது செய்ய முடிகிற குற்றம் என்று புகாரில் தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும் என்று 2013இல் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பிஎன்எஸ்எஸ் சட்டத்தின் 173ஆம் பிரிவு, எந்த ஸ்டேஷனிலும் புகார் கொடுக்கலாம், எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது, எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்கிறது. (மூன்று முதல் ஏழு வருடத்துக்குள் தண்டனை உள்ள குற்றங்களில் மட்டும் 14 நாள் முதற்கட்ட விசாரணைக்கு இடம் வைத்திருக்கிறார்கள். இழுத்தடிக்க அது ஒரு சாக்காக மாறும் என்று எனக்குக் கவலை உண்டு.) புகார் கொடுத்தவருக்கு 90 நாளுக்குள் விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிவிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. உங்களுக்குத் தெரிந்த யாருக்காவது அப்படி ஒரு தகவல் வந்திருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

கைதுக்கும் இதேதான். 1996இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: கைது செய்யும் இடத்திலேயே குறிப்பு எழுத வேண்டும், குடும்பத்தாரோ அந்தப் பகுதி மனிதர் ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்துப் போட வேண்டும், கைது செய்கிற போலீஸ்காரர் பெயர்ப் பட்டை அணிந்திருக்க வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் காட்ட வேண்டும். கிட்டத்தட்ட முப்பது வருடம் ஆகப்போகிறது. இன்னமும் மப்டியில் வந்து பைக்கில் நடுவில் உட்கார வைத்து அழைத்துப் போவதுதான் வழக்கம், ‘தனிப்படை’ என்று சொல்வார்கள். எந்த ஸ்டேஷன் என்று கண்டுபிடிக்கவே அம்மாக்கள் ஒரு இரவு முழுக்க அலைவார்கள். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரத்தில், நகை காணாமல்போன புகாரில் தனிப்படை விசாரித்த கோயில் காவலாளி இறந்த பிறகுதான் அனுமதியில்லாத தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. நம் பக்கமும் நடந்திருக்கிறது. 2022 ஜூனில் கொடுங்கையூர் ஸ்டேஷனுக்கு விசாரணைக்குக் கொண்டுபோகப்பட்டவர் இறந்தார், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. ஸ்டேஷனின் எல்லா இடத்திலும் ஒலியும் பதிவாகும் கேமரா இருக்க வேண்டும், பதிவை 18 மாதமும், முடியாவிட்டால் குறைந்தது ஒரு வருடமும் வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரிலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்தாகிவிட்டது. கேமரா வேலை செய்யவில்லை என்று ஒரு இன்ஸ்பெக்டர் சொன்னால் அந்தப் பொறுப்பு அவர் தலையில் விழ வேண்டும். அடிபட்டவர் நிரூபிக்கட்டும் என்று விடுவதால்தான் கேமராக்கள் சரியான நேரம் பார்த்துப் பழுதாகின்றன.

அடுத்து நான் சொல்லப்போவது பலருக்குப் பிடிக்காது. மாவுக்கட்டு. கையிலும் காலிலும் மாவுக்கட்டோடு ஒரு பையனின் படம் வரும், பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான் என்று செய்தி வரும், கீழே நம் ஆட்கள் கைதட்டிச் சிரிப்பார்கள். சங்கிலி பறிகொடுத்தவரின் கோபம் எனக்குப் புரியாமல் இல்லை. என் அத்தைக்கே தண்டையார்பேட்டையில் கழுத்தில் காயம் ஆகியிருக்கிறது. ஆனால் கோர்ட்டில் தினமும் நிற்பவன் என்ற முறையில் சொல்கிறேன், எலும்பை உடைத்து வாங்கிய வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதலை ஆதாரமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதைத் தொடர்ந்து பொருள் கைப்பற்றப்பட்டால், அந்த அளவுக்கு மட்டும்தான் மதிப்பு. அடித்தாகிவிட்டது என்ற நிம்மதியில் சாட்சி, கைரேகை, செல்போன் டவர், சிசிடிவி எதையும் ஒழுங்காகச் சேர்த்திருக்க மாட்டார்கள். மூன்று வருடம் கழித்து வழக்கு விடுதலையில் முடியும். கட்டுப் பிரித்த பையன் ஏரியாவுக்குள் வரும்போது பெரிய ஆளாகத்தான் வருவான், அவனைப் பார்த்து அடுத்த நாலு பேர் உருவாவார்கள்.

என்கவுன்டரும் இந்தக் கணக்கில்தான் வரும். 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கை வெட்டிக் கொன்றார்கள். மூன்றே நாளில் கமிஷனர் மாறினார். செப்டம்பர் முடிவதற்குள் சென்னையில் மூன்று பேர் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள். அந்தக் கொலையின் அதிர்ச்சி பெரம்பூர்ப் பக்கம் இன்னும் இருக்கிறது, யாரும் அதைக் குறைத்துப் பேச முடியாது. ஆனால் 2014இல் உச்ச நீதிமன்றம் என்கவுன்டர்களுக்கு வகுத்த விதிகள் என்ன? ஒவ்வொன்றுக்கும் எஃப்.ஐ.ஆர்., சிஐடியோ வேறு ஸ்டேஷனோ விசாரிக்க வேண்டும், மாஜிஸ்திரேட் விசாரணை நடக்க வேண்டும், சந்தேகம் தீரும்வரை விருதோ உடனடி பதவி உயர்வோ கூடாது. சுட்டவரின் பெயரைக் கொண்டாடுவதற்கு முன்னால் இந்த நாலும் நடந்ததா என்று கேட்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும். செத்தவனிடம் யார் பணம் கொடுத்தார்கள், யார் சொன்னார்கள் என்று இனிமேல் கேட்க முடியாது. கூலிப்படையை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்கு அதைவிட வசதி வேறு என்ன வேண்டும்?

பட்டியல் விஷயம் ஒன்று. ஏ பிளஸ், ஏ, பி, சி என்று ரவுடிகளைத் தரம் பிரித்து வைத்திருக்கிறார்கள். வைத்திருக்கட்டும், கொலைகாரனைக் கவனிக்காமல் விடச் சொல்லவில்லை. ஆனால் பதினெட்டு வயதில் தெருச் சண்டையில் ஒரு அடிதடிக் கேஸ் வாங்கியவன் பட்டியலில் ஏறுவது சுலபம், இறங்குவதற்கு வழியே தெரியாது. பொங்கல், தீபாவளி, தேர்தல், தலைவர் வருகை என்று எது வந்தாலும் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். மணலி கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்தவன் நாலு நாள் கையெழுத்துப் போடப் போனால் வேலை போய்விடும். இனி ஒழுங்காக இருப்பேன் என்று நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கி, அதை மீறினான் என்று உள்ளே போடுவதும் நீண்ட நாள் நடந்தது. அதற்காகப் போலீஸ் துணை கமிஷனர்களுக்கே மாஜிஸ்திரேட் அதிகாரம் கொடுத்த 2013, 2014 அரசாணைகளை 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பிடிப்பவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பது யாருக்கும் புரிகிற நியாயம்தானே. 1982ஆம் வருடத்து குண்டர் சட்டத்தில் விசாரணையே இல்லாமல் ஒரு வருடம்வரை வைக்கலாம், அப்புறம் உயர் நீதிமன்றத்தில் நடைமுறைக் குறை காட்டி உத்தரவு ரத்தாகும். அந்த உழைப்பை ஒரு நல்ல குற்றப்பத்திரிகைக்குச் செலவழித்திருந்தால் தண்டனையே வாங்கிக் கொடுத்திருக்கலாம்.

அதனால் என் யோசனை, பட்டியலில் சேர்க்கும்போது காரணத்தை எழுத்தில் அவனுக்குக் கொடுக்க வேண்டும், மூன்று வருடம் வழக்கு இல்லாமல் இருந்தால் பெயர் தானாக நீங்க வேண்டும். சிறுவன் என்றால் லாக்கப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று 2015 சிறார் நீதிச் சட்டத்தில் தெளிவாக இருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் கெல்லீஸில் இருக்கும் சிறார் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். வயது பதினெட்டு என்று எழுதிவிட்டால் வேலை சுலபம் என்பதற்காக ஆதாரைப் பார்க்காமல் எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நல்லது நடக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். போலீஸ் சிறார் சிறுமியர் மன்றங்கள் இருக்கின்றன, கேரம், பாக்சிங், டியூஷன் என்று சில இடங்களில் நிஜமாகவே நன்றாக நடக்கின்றன. வியாசர்பாடியில் ஃபுட்பால் எத்தனை பையன்களைக் காப்பாற்றியிருக்கிறது என்பதற்கு நானே சாட்சி. என்னோடு படித்த இரண்டு பேர் கோச்சாக இருக்கிறார்கள். 2022இல் பள்ளி மாணவர்களுக்காகப் போலீஸ் தரப்பில் ‘சிற்பி’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். இதெல்லாம் ஒரு அதிகாரியின் ஆர்வத்தில் பிழைக்கிறது, அவர் மாற்றலானால் மன்றத்துக்குப் பூட்டு விழுகிறது என்பதுதான் குறை.

மக்களோடு சேர்ந்து என்று எல்லோரும் சொல்வார்கள். யார் அந்த மக்கள்? போலீஸுக்கு உதவும் தன்னார்வலர் அமைப்பாக 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ் நல்ல நோக்கத்தில் வந்ததுதான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் இறந்தபோது அந்த அமைப்பினர் மீதும் குற்றச்சாட்டு வந்து, ஜூலையில் அரசு தடை செய்தது. இன்ஸ்பெக்டர் தேர்ந்தெடுக்கிற ஆட்கள் இன்ஸ்பெக்டரின் ஆட்களாகத்தான் இருப்பார்கள். நம் பக்கம் சமாதானக் கூட்டம் என்றால் கட்சி வட்டச் செயலாளர், கடைக்காரர் சங்கத் தலைவர், மீனவக் குப்பமாக இருந்தால் ஊர்ப் பஞ்சாயத்தார், அவ்வளவுதான். பெண்கள் ஒருவர்கூட இருக்க மாட்டார்கள். மாநகராட்சி வார்டுகளில் அந்தப் பகுதி ஜனங்கள் கூடிப் பேசும் பகுதி சபை என்று ஒன்று சட்டப்படி இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஸ்டேஷன் இன்ஸ்பெக்டர் அங்கே வந்து உட்கார்ந்து, எத்தனை புகார் வந்தது, எத்தனைக்கு எஃப்.ஐ.ஆர். போட்டோம், எத்தனை போன் கிடைத்தது என்று வாய்விட்டுப் படிக்க வேண்டும், அவ்வளவே கேட்கிறேன். கஞ்சாவும் வலி மாத்திரையும் எந்தச் சந்தில் எத்தனை மணிக்கு விற்கிறது என்று அந்தத் தெருப் பெண்களுக்கு நன்றாகத் தெரியும். சொன்னவர் பெயர் அன்று சாயங்காலமே விற்கிறவனுக்குப் போய்விடாது என்று உறுதி இருந்தால்தான் சொல்வார்கள். ஒரு தடவை போயிருந்தால் அந்தத் தெரு பத்து வருடம் வாயைத் திறக்காது.

இன்னொன்று, பாதுகாப்பு என்றால் ரவுடி மட்டும் என்று நினைப்பதே வட சென்னைக்குப் பொருந்தாது. எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிக்கு நடுவே பள்ளிக்கூடப் பிள்ளையை டூவீலரில் வைத்து ஓட்டிப் போகிறவரிடம் எது பயம் என்று கேட்டுப் பாருங்கள். 2023 டிசம்பர் 26 நள்ளிரவு பெரியகுப்பம் பக்கம் கடலுக்குள் போகும் குழாயில் அம்மோனியா கசிந்தபோது, ஜனங்கள் மூச்சுத் திணறிக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி வந்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் முதலில் வந்து நிற்பது ரோந்து போலீஸ்தான். எந்தப் பக்கம் ஓடச் சொல்ல வேண்டும், காற்று எந்தத் திசை என்று அவருக்குப் பயிற்சி இருக்க வேண்டாமா? இதில் எல்லைக் குழப்பம் வேறு. 2022 ஜனவரியில் ஆவடி தனி கமிஷனரகம் ஆனதிலிருந்து எண்ணூரும் மணலியும் மாநகராட்சிக்குச் சென்னை, போலீஸுக்கு ஆவடி. எண்ணூர்க்காரர் கமிஷனரைப் பார்க்க வேண்டுமென்றால் வேப்பேரியில் இருக்கும் சென்னை கமிஷனர் அலுவலகத்துக்கு இல்லை, ஆவடிவரை அவ்வளவு தூரம் போக வேண்டும். மாநகராட்சி மண்டலமும் போலீஸ் சரகமும் ஒன்றாக இருந்தால் தெருவிளக்கு, குப்பை, ரோந்து மூன்றையும் ஒரே மேஜையில் பேசலாம்.

இதையெல்லாம் யார் செய்வது என்றால் அதே ஏட்டையாதான் செய்ய வேண்டும். வார ஓய்வு என்று 2021இல் அரசாணை போட்டார்கள், பந்தோபஸ்து வந்தால் அது போய்விடுகிறது. தூங்காத மனிதரிடம் பொறுமையை எதிர்பார்க்க முடியாது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏழு உத்தரவுகள் போட்டது. அதில் மூன்று நமக்கு நேரடியாகப் பட்டவை: ஸ்டேஷன் பொறுப்பாளருக்குக் குறைந்தது இரண்டு வருடம், விசாரணைப் பிரிவு தனி, சட்டம் ஒழுங்கு தனி, போலீஸ் மீதான புகாரை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம். தமிழ்நாடு 2013இல் சட்டம் கொண்டுவந்தது. அதில் மாநில ஆணையத்துக்கு உள்துறைச் செயலாளர் தலைவர், டிஜிபி உறுப்பினர், மாவட்டத்தில் கலெக்டர் தலைவர், எஸ்.பி. உறுப்பினர். போலீஸ் மேல் புகார் சொல்லப் போனால் எதிரே போலீஸே உட்கார்ந்திருக்கும். இதை மாற்றாமல் வேறு எதை மாற்றினாலும் அந்த மீன்கார அம்மாவுக்கு நம்பிக்கை வராது என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக, இப்போதே என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். புகாரை இரண்டு பிரதி எழுதிக்கொண்டு போங்கள், ஒன்றில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள், சி.எஸ்.ஆர். எண்ணைக் கேளுங்கள். வாங்க மறுத்தால் சண்டை போட வேண்டாம், துணை கமிஷனருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதற்கும் பதில் இல்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம், பிஎன்எஸ்எஸ் 173(4) அதற்குத்தான். வக்கீலுக்குக் காசு இல்லை என்றால் 15100க்குப் போன் செய்தால் சட்ட உதவி மையத்தில் இணைப்பார்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் யாராக இருந்தாலும் வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் கொடுத்தாக வேண்டும். வீட்டுப் பையனை அழைத்துப் போய்விட்டார்கள் என்றால் நேரத்தையும் வண்டி எண்ணையும் உடனே எழுதி வையுங்கள். எழுதிக்கொண்டே 112க்கும் ஒரு போன் போடுங்கள், அந்த அழைப்பு நேரத்தோடு பதிவாகும். பின்னால் கோர்ட்டில் நான் தேடுகிற முதல் காகிதம் அதுதான்.